எழுபத்தைந்து கிலோ

வரைபடத்தில் ஓர் ஆள் எழுபத்தைந்து கிலோ.
கையில் கொண்டுவருவது இருபது.
இருநூற்றுப் பத்துப் பேருக்கு அதைப் பெருக்கி
குளிரூரில் எவரோ ஒருவர்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி
நீர்க்கோட்டை இழுத்திருக்கிறார்.
ஒரு மீட்டர் இருபது. நீல வண்ணம்.

தொண்டிக்கு 'நீலவேணி' வந்தது மாசிக் கடைசியில்.
அலுமினிய உடல் இரண்டு,
சுறாத் துடுப்பாய் ஒடுங்கியவை,
நடுவே ஏழு மீட்டர் ஒன்றுமில்லை.
மேலே பாலம்போல் ஒரு தளம்.

"கட்டுமரம்னு சொல்றீங்க, கட்டுன கயிறு எங்க?"
என்று கேட்டாள் பாத்துமுத்து, முதல் டிக்கெட்காரி.
வெல்டிங் தழும்பைக் காட்டினேன்.
தடவிப் பார்த்தாள்.
"பிரிச்சுல்ல வச்சிருக்கான்."

வேகம் அந்தப் பிரிவில்தான் இருந்தது.
எதிர்த்து வரும் கடலை
நடுவே போக விட்டுவிடும்.

சோதனை ஓட்டத்துக்கு மணல் மூட்டைகள்.
இருக்கைக்கு ஒன்றாய் வைத்து, பெல்ட் மாட்டி,
விளிம்பில் பார்த்தால் நீலக் கோட்டில் அச்சாக நீர்.
"முப்பத்திநாலு நாட்!" என்று
இயந்திர அறையிலிருந்து கத்தினான் பிரிட்டோ.
ஒரு மூட்டையும் வாந்தி எடுக்கவில்லை.
அந்த வேகம் அப்புறம் வரவேயில்லை.

ஆட்கள் ஏறினார்கள்.
நைட்டிக் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், எவர்சில்வர் அடுக்கு,
சேலைக்குள் சுற்றிய தையல் மிஷின் தலை.
காலை ஆறு பத்துக்கு விளிம்பில் குனிந்து
அளவு படிப்பது என் வேலை:
கோட்டுக்கு மேல் நாலு விரல் தண்ணீர்.

நாலு விரல்தானே என்று தோன்றும்.
வாடை எழும்பும் மாதத்தில்
இரண்டு உடலுக்கும் நடுவே புகுந்த அலை
தளத்தின் அடிவயிற்றில் அறையும்.
தேநீர் கூரைக்குப் போகும்.
குழந்தைகள் முதலில் சிரிக்கும்.

'அளவு தவறு, மறுபடி பார்' என்றது தலைமை அலுவலகம்.
கருவாட்டுக் கிட்டங்கியிலிருந்து தராசு வந்தது.
எல்லாரும் ஏறி இறங்க, பாத்துமுத்து மட்டும் நின்றாள்.
"என் கனத்த என்கிட்ட கேளு.
நான் நாப்பத்தொம்பது. மூட்டை அம்பத்தாறு.
எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.

பிறகு தாழை.
உள்ளிழுத்துப் பீய்ச்சி ஓடும் இயந்திரம் அது,
நீரோடு கடல்புல்லையும் இழுத்தது.
வாரத்துக்கு இரண்டு தடவை மூச்சடக்கி இறங்கி
வாய்க்குள் கை விட்டு அள்ளுவான் சிக்கந்தர்:
புல், சொறி, மூன்று ஊர் வலைத்துண்டு,
ஒருமுறை, உயிரோடு, ஒரு கடல்குதிரை.
அதை ஹெல்மெட்டில் வைத்துக் கொண்டுபோய் விட்டான்.

அப்புறம் மோர்ப்பண்ணைக்காரர்கள் வந்தார்கள்,
பின்னலையில் கவிழ்ந்த வல்லத்தின்
உடைந்த அணியத்தை மேஜைமேல் வைத்தார்கள்.
யாரும் கத்தவில்லை.
அன்றிலிருந்து பதினெட்டு நாட்.
ஆவுளியா மேயும் திட்டுப் பக்கம் பத்து.
தலைமன்னாருக்கு 'ஒன்றே முக்கால் மணி' என்று
அச்சடித்த டிக்கெட்டின்மேல்
'மூன்றே கால்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினோம்.
அதற்கும் வந்தார்கள்.

டீசல் பாக்கிதான் கடைசியில் நிறுத்தியது.
நாலு வருசம், ஐந்து மாதம்.

இழுவைப் படகு வந்த காலையிலும்
ஆறு பத்துக்குக் குனிந்தேன், பழக்கம்.
காலிக் கப்பல். ஒரு மீட்டர் மூன்று.
நீலக் கோடு முழுசாக வெளியே, சிப்பி மொய்த்து.
அதற்கு மேலே, நாலு விரலில்,
முன்னிருந்து பின்வரை, இரண்டு உடலிலும்,
நேராக ஒரு பாசிக் கோடு.
யாரும் வரைந்ததில்லை அதை.

கட்டத்தில் எந்த எண்ணைப் போடுவதென்று
கொஞ்சம் யோசித்தேன்.
இழுகயிறு விறைத்தது.

பாத்துமுத்து இப்போது திருச்சியிலிருந்து விமானம்.
முப்பது கிலோவுக்கு மேல் விடமாட்டார்களாம்.
மீதி இருபத்தாறை என்ன செய்கிறாள் என்று
கேட்க வேண்டும்.